எண்ணைக் கையில் கொடுத்த அன்னை: மரியா மாண்டிசோரி அம்மையார்

எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த இந்நாட்டில், அவ்விரு கண்களும் நம் முன்னோர்க்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தன. எழுத்தறியாமையால் நேர்ந்த இழப்பைப் பற்றி நாம் பலகாலும் பேசியிருக்கிறோம். எண்ணறியாமையால் நேர்ந்த இழப்பு அதற்குச் சற்றும் குறைந்ததன்று. களத்துமேட்டில் கூலி நெல்லை அளந்தவர் சொன்னதே அளவாயிற்று. கடன் சீட்டை எழுதியவர் போட்டதே வட்டியாயிற்று. எதிர்த்துக் கேட்க வாய் இருந்தும், கணக்கு இல்லாமையால் நம்மவர் கைகட்டி நின்றனர்.

இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். பட்டம் பெறுகின்றனர், பதவியும் ஏற்கின்றனர். ஆயினும் கணக்கு என்றவுடன் அஞ்சி ஒதுங்கும் பிள்ளைகள் நம்மிடையே இன்னும் பலர். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று பிறர் சொல்வது ஒருபுறம் இருக்க, நம் பெற்றோருள்ளும் சிலர் அதனை நம்பத் தலைப்பட்டிருப்பதே வருந்தத்தக்கது. அக்கூற்று முழுப் பொய் என்பதை ரோம் நகரத்து ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் மெய்ப்பித்துக் காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர்தம் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

பிறப்பும் கல்வியும்

இத்தாலி நாட்டின் அன்கோனா மாவட்டத்தில் உள்ள கியாராவல்லே என்னும் சிற்றூரில், 1870 ஆகஸ்டு 31-ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ மாண்டிசோரி அரசாங்க நிதித்துறை அலுவலர். தாயார் ரெனில்டே நூல் பல கற்ற நங்கை. தந்தையாரின் பணி மாறுதலால் அக்குடும்பம் 1875-இல் ரோம் நகரில் குடியேறிற்று.

இளமையிலேயே மரியாவுக்குக் கணிதத்தில் பெருவிருப்பம் உண்டாயிற்று. அக்காலத்துப் பெண்கள் செல்லாத தொழிற்கல்விப் பள்ளியில் 13-ஆம் வயதில் சேர்ந்தார். பொறியாளர் ஆக வேண்டும் என்பது அவர்தம் முதல் எண்ணம். பின்னர் மருத்துவம் பயிலத் துணிந்தார். தந்தையார்க்கு அதில் உடன்பாடில்லை. தாயார் மட்டும் துணை நின்றார். ரோம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வகுப்பில் ஆண்களோடு ஒரு பெண் அமர்வதைப் பலர் பொறுக்கவில்லை. பிணங்களை அறுத்து ஆராயும் பாடத்தை ஆடவரோடு சேர்ந்து கற்கலாகாது என்று விலக்கியமையால், மற்ற மாணவர் யாவரும் சென்றபின் மாலையில் தனியே நின்று கற்றார். பொதுவில் அமர இடம் மறுக்கப்பட்டவர் தனியே நின்று கற்ற வரலாறு நமக்குப் புதிதன்று. ஆதலால் அம்மையாரின் மனத்திண்மையை நம்மைப்போல் உணரத்தக்கவர் சிலரே ஆவர். 1896 சூலைத் திங்களில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலி நாட்டில் அப்பட்டம் பெற்ற முதற் சில பெண்களுள் அவர் ஒருவர். அவ்வாண்டே பெர்லின் நகரில் நடந்த பெண்கள் மாநாட்டிற்குச் சென்று, உழைக்கும் பெண்டிர்க்கு ஆடவரோடு ஒத்த கூலி வேண்டும் என்று வாதாடினார்.

மருத்துவர் ஆசிரியர் ஆனார்

பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பகுதியில் பணியாற்றிய காலத்தில், ரோம் நகரத்து மனநோயாளர் விடுதிகளுக்கு அவர் சென்று வரலானார். அங்கே மனவளர்ச்சி குன்றிய சிறுவர்களையும் பெரியவர்களோடு ஒருங்கே அடைத்து வைத்திருந்தனர். உணவு முடிந்ததும் அச்சிறுவர்கள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைத் துழாவுவதைக் கண்டு, பேராசை பிடித்த பிள்ளைகள் என்று காவற்பெண் இகழ்ந்தாளாம். அம்மையார் அவ்வறையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க அவ்வறையில் ஒரு பொருளும் இல்லை. அவர்கள் தேடியது உணவையன்று, கைக்கு ஒரு வேலையை என்று அவர் உணர்ந்தார்.

காதும் வாயும் மட்டுமன்றிக் கையும் அறிவின் வாயில் என்னும் அவ்வெண்ணம் அவர் வாழ்க்கை முழுவதையும் ஆட்கொண்டது. இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பிரெஞ்சு மருத்துவர்களான இத்தாரும் செகேனும் முற்காலத்தில் செய்த முயற்சிகளைத் தேடிப் படித்தார். செகேனின் பெருநூலைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்தெழுதினார். 1900-இல் அத்தகைய குழந்தைகளுக்கென்று ரோம் நகரில் ஏற்பட்ட பள்ளியின் இணை இயக்குநராக அமர்ந்தார். காலை முதல் மாலை வரை தாமே அவர்களுக்குக் கற்பித்தார். விடுதியிலிருந்து வந்த சிலர் எழுதப் படிக்கக் கற்று, ஏனைய பிள்ளைகளோடு பொதுத்தேர்வு எழுதித் தேறினர்.

நாடே வியந்தது. அம்மையார் வியந்ததோ வேறொன்றை. குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு கற்க முடியுமாயின், குறையேதுமற்ற பிள்ளைகள் பள்ளிகளில் ஏன் இவ்வளவு பின்தங்கிக் கிடக்கின்றனர் என்று அவர் சிந்தித்தார். குறை பிள்ளையிடம் இல்லை, கற்பிக்கும் வழியில் உள்ளது என்று தெளிந்தார். 1901-இல் அப்பள்ளியை விட்டு விலகி, மீண்டும் மாணவியாகிப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் கல்வியியலும் பயின்றார்.

அவர்தம் தனிவாழ்வில் ஒரு துயரும் இருந்தது. திருமணம் செய்துகொள்ளாத நிலையில் 1898-இல் பிறந்த மகன் மாரியோவை, உலகப் பழிக்கு அஞ்சி, நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளர்க்கக் கொடுக்க நேர்ந்தது. தாயார் 1912-இல் மறைந்த பின்னரே மகன் அவரிடம் வந்து சேர்ந்தார். அதன்பின் இறுதிவரை மாரியோவே அவர்க்கு வலக்கையாக விளங்கினார்.

சான் லொரென்சோவின் பிள்ளைகள்

ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதி, வேலை தேடி வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். கட்டட நிறுவனம் ஒன்று அங்கிருந்த வீடுகளைப் புதுப்பித்துத் தொழிலாளர் குடும்பங்களைக் குடியமர்த்தியது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயது எய்தாத சிறுவர்கள் படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழ்படுத்தினர். சுவர்களைக் காக்கும் பொருட்டே, அப்பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள நிறுவனத்தார் விரும்பினர். அப்பொறுப்பை அம்மையார் ஏற்றார். 1907 சனவரி 6-ஆம் நாள் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள் வந்தனர். பயிற்சி பெற்ற ஆசிரியர் எவரும் இல்லை. உதவிக்கு ஓர் இளம்பெண் மட்டும் இருந்தாள்.

அங்கு வந்த பிள்ளைகள் அழுக்கும் அச்சமும் உடையவர்களாய், வாய்பேசாது நின்றனர். அம்மையார் அவர்கள் உயரத்திற்கேற்ற மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். பொருள்களை அவர்கள் கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரிகளில் வைத்தார். எதை எடுப்பது என்பதை அவர்களே தெரிந்துகொள்ள விட்டார். சில திங்களுக்குள் அப்பிள்ளைகள் அடங்கி அமர்ந்து, ஒரே வேலையில் நெடுநேரம் ஆழ்ந்திருக்கக் கண்டோர் தம் கண்களை நம்பவில்லை. நான்கு வயதுப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினர். பல நாட்டவரும் அவ்வேழைக் குடியிருப்பைத் தேடி வந்தனர். 1909-இல் அவர் தம் முறையை விளக்கி எழுதிய நூல் விரைவில் பல மொழிகளில் வெளியாயிற்று.

எண் பிறக்கும் வழி

அம்மையார் எண்ணைக் கற்பித்த முறையைச் சற்று விரிவாகக் காண்போம். நமக்கு அதுவே பெரிதும் வேண்டுவது.

ஒன்று முதல் நூறு வரை தங்குதடையின்றி ஒப்பிக்கும் முதல் வகுப்புப் பிள்ளையிடம் ஏழு கூழாங்கற்கள் எடுத்து வா என்று சொல்லிப் பாருங்கள். கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வரும் பிள்ளை உண்டு. ஐந்து கற்களை எண்ணி முடித்த பிள்ளையிடம் மொத்தம் எத்தனை என்று கேட்டால், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்ணே அக்கூட்டத்தின் அளவு என்பது அதற்கு இன்னும் விளங்கவில்லை என்பதே பொருள். எண்களின் பெயர் அதற்குப் பாட்டாகத் தெரியும், அளவாகத் தெரியாது. இதனை அறியாத நாம், நூறு வரை சொல்கிறதே என்று மகிழ்ந்து கூட்டலுக்குப் போய்விடுகிறோம். அடித்தளம் இல்லாத சுவர் மூன்றாம் வகுப்பில் சாய்கிறது. பழியோ பிள்ளையின் மீது விழுகிறது.

அம்மையார் இவ்விடரை முன்னரே கண்டார். தனித்தனிப் பொருள்களை முதலிலேயே கொடுத்தால், பிள்ளைக்கு ஒன்று, ஒன்று, ஒன்று என்று பல ஒன்றுகளே தோன்றும். ஐந்து என்னும் முழுமை தோன்றாது. ஆதலால் அவர் முதலில் கொடுத்தவை பத்துக் கோல்கள். சிறிய கோல் 10 சென்டிமீட்டர் நீளம். அடுத்தது 20 சென்டிமீட்டர். இவ்வாறு ஏறிப் பத்தாவது கோல் ஒரு மீட்டர் இருக்கும். ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் பகுதிக்கும் சிவப்பும் நீலமும் மாறி மாறித் தீட்டப்பட்டிருக்கும். ஐந்தாம் கோலைப் பிள்ளை எடுக்கும்போது, ஐந்து பகுதிகளையும் எண்ணலாம். ஐந்து என்பது கையில் ஒரே பொருளாகவும் கனக்கும். நான்கைவிட ஐந்து பெரிது என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டையும் அருகில் வைத்தால் ஒரு பகுதி நீண்டு நிற்பதைக் கண்ணே சொல்லும்.

அடுத்து, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எண்ணுருக்களைப் பிள்ளை விரலால் தடவி, அவற்றின் வடிவை அறியும். பின் எண்ணுருவையும் கோலையும் இணைக்கும். அதன்பின்னரே தனித்தனிப் பொருள்கள் வரும். சுழியம் முதல் ஒன்பது வரை எழுதிய அறைகள் கொண்ட பெட்டியும் 45 கதிர்க்குச்சிகளும் தரப்படும். ஒன்று எழுதிய அறையில் ஒரு குச்சி, இரண்டில் இரண்டு என இட்டுவர, ஒன்பதாம் அறை நிறையும்போது குச்சிகள் சரியாகத் தீர்ந்துவிடும். குறைந்தாலோ மிகுந்தாலோ எங்கோ தவறியது பிள்ளைக்கே தெரியும். ஆசிரியர் கடிந்துகொள்ள இடமில்லை.

சுழியத்தைக் கற்பிக்க அவர் கண்ட வழி இனிமையானது. பிள்ளைகளைப் பார்த்து, என்னிடம் சுழிய முறை வாருங்கள் என்பார். பிள்ளை ஓடி வரும். நீ ஒருமுறை வந்துவிட்டாயே, நான் சுழிய முறையன்றோ வரச்சொன்னேன் என்பார். சிறிது நேரத்தில் அசையாமல் இருப்பதே விடை என்று பிள்ளைகள் கண்டுகொண்டு சிரிப்பர். வேறொரு விளையாட்டில் பிள்ளைகள் மடித்த சீட்டைப் பிரித்துத் தமக்குரிய எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, அத்தனைப் பொருள்களை எடுத்துவர வேண்டும். மற்றவர் கை நிறைய எடுத்துவர, சுழியச் சீட்டு வாய்த்த பிள்ளை ஒன்றும் எடுக்காமல் அமர்ந்திருக்கும். இதனைக் கணக்குப் பாடம் என்பதா, மன அடக்கப் பாடம் என்பதா?

கூட்டலும் அக்கோல்களிலிருந்தே பிறக்கும். ஒன்பதோடு ஒன்றைச் சேர்த்தால் பத்தாம் கோலின் நீளம் வரும். எட்டோடு இரண்டும், ஏழோடு மூன்றும், ஆறோடு நான்கும் அவ்வாறே. எஞ்சிய ஐந்தை இருமுறை வைத்தால் அதுவும் பத்தாகும். பின்னர்ப் பொன்னிற மணிகள் வரும். ஒரு மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பிகளின் சதுரம் நூறு. பத்துச் சதுரங்களின் கட்டி ஆயிரம். இவற்றைத் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு ஆயிரம் என்பது மூன்று சுழியம் அன்று, கைகொள்ளாத பாரம்.

பிள்ளை பிழை செய்தால் அவ்விடத்திலேயே தவறு என்று சொல்லலாகாது என்பது அம்மையாரின் கட்டளை. பாடத்தை நிறுத்திவிட்டு, வேறொரு நாள் மீண்டும் தொடங்க வேண்டும். பிள்ளை மந்தமன்று, அதற்குரிய வேளை வரவில்லை என்பதே அவர் கருத்து.

பிற்கால ஆய்வுகளும் இந்நெறிக்கு அரண் செய்தன. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே 1941-இல் குழந்தையின் எண்ணறிவைப் பற்றி நூல் வெளியிட்டார். வாயால் எண்ணத் தெரிந்த பிள்ளையும், ஒரே அளவான பொருள்களை அகலப் பரப்பி வைத்தால் அவை மிகுந்துவிட்டதாக எண்ணும் என்று அவர் காட்டினார். 1978-இல் அமெரிக்க உளவியலாளர்களான கெல்மனும் காலிஸ்டலும் எண்ணுதலின் விதிகளை வகுத்தனர். ஒரு பொருளுக்கு ஒரே பெயர், பெயர்களின் மாறா வரிசை, கடைசிப் பெயரே மொத்த அளவு என்பன அவற்றுள் முதன்மையானவை. அவற்றைச் சிறு குழந்தைகளும் சிறுகச்சிறுகப் பற்றுகின்றன என்றும் அவர்கள் விளக்கினர்.

போரும் அடையாறும்

அம்மையாரின் புகழ் பரவிய காலத்தில் முசோலினி இத்தாலியின் ஆட்சியைப் பிடித்தார். 1924 முதல் அவ்வரசு மாண்டிசோரிப் பள்ளிகளுக்கு ஆதரவளித்தது. அம்மையாரும் அதனை ஏற்றார். ஆயின் தாமே சிந்திக்கும் பிள்ளையும், ஆணைக்கு அணிவகுக்கும் பிள்ளையும் ஒரே பள்ளியில் வளர்தல் இயலாது. 1934-இல் உறவு முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அம்மையார் நாட்டை விட்டு வெளியேறினார். அவ்வாண்டில் எண்கணிதம் கற்பிப்பதைப் பற்றிய அவர்தம் பெருநூல் ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் வெளியாயிற்று. 1936-இல் அங்கும் உள்நாட்டுப் போர் மூள, ஆலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்தார்.

1939-இல், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அழைப்பின் பேரில், 69 வயதான அம்மையார் மாரியோவுடன் சென்னை அடையாறு வந்தடைந்தார். அதே அடையாறில்தான் 1894-இல் கர்னல் ஆல்காட் நம் குலத்துப் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்திருந்தார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. அம்மையாரின் பயிற்சி வகுப்பில் 300-க்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று மாரியோவை விடுவித்தது. பின்னர்ச் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கிப் பள்ளி நடத்தி, இலை, பூ, புழு, பறவை யாவும் பாடமாகும் புது முறையை மகனோடு வகுத்தார். 1946-இல் ஐரோப்பா திரும்பி, மறுபடியும் இந்தியா வந்து 1949 வரை பயிற்சி அளித்தார். அவர்தம் புகழ்பெற்ற நூல்களுள் ஒன்று அவ்வாண்டு அடையாறிலேயே அச்சாயிற்று. 1952 மே 6-ஆம் நாள் ஆலந்தின் நூர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில், தம் 81-ஆம் வயதில் அம்மையார் மறைந்தார்.

நாம் செய்யத்தக்கது

வரலாற்றின் முரண் ஒன்றை இங்குச் சுட்டாமல் இருத்தல் இயலாது. ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த இம்முறை, இந்நாட்டில் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்தது. நகரத்து மழலையர் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் அம்மையாரின் பெயரைக் காணலாம். நம் குடியிருப்புகளில் காண்பது அரிது. எவர்க்காகத் தோன்றியதோ அவர்க்கே அது எட்டாமற் போயிற்று. அதனை மீட்டுக்கொள்வது நம் கடமை.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பத்துக் கோல்களுக்கும் சேர்த்து வேண்டிய மரச்சட்டத்தின் நீளம் 5½ மீட்டர். நம் தச்சர் ஒருவர் ஒருநாளில் செய்து தருவார். 45 கதிர்க்குச்சிகளுக்கு மாற்றாகத் தென்னை ஈர்க்குகள் உள்ளன. பொன்மணிக்கு மாற்றாகப் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகச் சிறு பைகளில் கட்டலாம். நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியில் ஒரு குழிக்கு ஒரு கொட்டை என்று இட்டுச் செல்வது எண்ணுதலின் முதல் விதியே அன்றோ! தமிழ் எண்ணுப்பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. எண்பத்தொன்பதை அடுத்து வரும் தொண்ணூறு, ஓசையில் நூறு போல் ஒலித்துப் பிள்ளையை மயக்கும். ஒன்பது ஈர்க்குக் கட்டுகளைக் கையில் கொடுத்தால் அம்மயக்கம் நீங்கும்.

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களே! வாய்பாட்டை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன், பிள்ளையின் கையில் பொருளைக் கொடுங்கள். பெற்றோர்களே! அடுப்படியில் மிளகாயையும், தட்டில் இட்டலியையும், கடையில் மீதிச் சில்லறையையும் உங்கள் பிள்ளை எண்ணட்டும். அங்கன்வாடியில் பணிபுரியும் நம் சகோதரியர், ஐந்து வயதுக்கு முன்னரே இவ்வடித்தளத்தை இடும் வாய்ப்புப் பெற்றவர்கள். நம் சங்கம் தன் வெள்ளிவிழா நினைவாகக் குடியிருப்புதோறும் ஒரு தொகுதிக் கோல்களும் ஒரு பெட்டி ஈர்க்குகளும் அமைத்துக் கொடுக்குமாயின், அது கல்லில் எழுப்பும் நினைவுச் சின்னத்தினும் நெடுங்காலம் நிற்கும். அளந்தவர் சொன்னதே அளவு என்றிருந்த குலத்தில், அளந்து பார்த்து விடை சொல்லும் தலைமுறை எழுதல் வேண்டும். அதற்கு முதற்படி, ஐந்து என்றால் எவ்வளவு என்று நம் குழந்தையின் கை அறிவதேயாகும்.